நவஹோ நெசவு வாங்கப் போகிறீர்களா? டிசைனை அப்புறம் பாருங்கள், முதலில் ஓரத்தைப் பாருங்கள்

அரிசோனாவுக்குக் குடிவந்த புதிதில் நெடுஞ்சாலையோரக் கடை ஒன்றில் ஒரு கம்பளம் வாங்கினேன். சிவப்பு, கறுப்பு, சாம்பல் நிறம். நடுவில் பெரிய சாய்சதுரம். "அசல் இண்டியன் ரக்" என்றார் கடைக்காரர். அங்கே 'இண்டியன்' என்றால் நவஹோ போன்ற அமெரிக்கப் பழங்குடிகள். வீட்டுக்கு வந்து விரித்தபோதுதான் பின்பக்க மூலையில் தைத்திருந்த சின்னத் துணித்துண்டு மனைவியின் கண்ணில் பட்டது: 'மேட் இன் இந்தியா'. கடைக்காரர் சொன்னதில் ஓர் எழுத்துகூடப் பொய்யில்லை. இவ்வளவு தூரம் வந்து நம்மூர்ச் சரக்கையே டாலர் கொடுத்து வாங்கியிருக்கிறோமே என்று அவள் சிரித்த சிரிப்பு இன்னும் அடங்கவில்லை.

அந்தக் கம்பளம் வாசலில் மிதியடியாகக் கிடந்து நன்றாகவே உழைக்கிறது. ஏமாந்த விதம்தான் உறுத்தியது. நான் பார்த்தது டிசைனை மட்டும். டிசைனை யாரும், எங்கேயும், எந்தத் தறியிலும் போட்டுவிடலாம். போலி செய்பவருக்குக் கட்டுப்படியாகாத இடம் ஓரம். அதற்குப் பிறகு மூன்று நவஹோ நெசவுகள் வாங்கினேன். முப்பதுக்கும் மேல் கையில் எடுத்துப் பார்த்துவிட்டுத் திருப்பி வைத்தேன். புதிதாக இதில் இறங்குகிறவருக்கு நான் போன வரிசையிலேயே சொல்கிறேன்.

1. பெயரைச் சரியாகப் பிடித்துக்கொள்ளுங்கள்

நவஹோ என்பது அந்தப் பழங்குடிக்கு வெளியார் வைத்த பெயர். அவர்கள் தங்களை டினே என்கிறார்கள். 'மக்கள்' என்று பொருள். அரிசோனா, நியூ மெக்சிகோ, யூட்டா மூன்று மாநிலங்களில் பரந்து கிடக்கும் நவஹோ நாடு என்ற தன்னாட்சிப் பகுதியின் பரப்பு ஏறத்தாழ 70,000 சதுர கிலோமீட்டர். தலைநகர் விண்டோ ராக். டினே நெசவாளர்கள், பெரும்பாலும் பெண்கள், நிற்கும் தறியில் ஆட்டு ரோம நூலைக் கையால் நெய்வதுதான் நவஹோ நெசவு. இந்த வரையறைக்குள் வராதவை நிறைய இருக்கின்றன, அவையும் அதே கடைகளில்தான் தொங்குகின்றன.

ஓரிகன் மாநிலத்துப் பெண்டில்டன் ஆலையின் போர்வைகள் இயந்திரத்தில் நெய்தவை. கல்யாணம், பட்டமளிப்பு என்றால் நவஹோ குடும்பங்களே இவற்றை ஆசையாகப் பரிசளிக்கின்றன. ஆனாலும் இவை நவஹோ நெசவு ஆகா. நியூ மெக்சிகோவின் சிமாயோ ஊரில் ஸ்பானிய வழிக் குடும்பங்கள் மிதிதறியில் நெய்பவை வேறொரு மரபு. தென் மெக்சிகோவின் ஓஹாகா மாநிலத்தில் தெயோதித்லான் தெல் வாயே என்ற ஊரின் சபோடெக் நெசவாளர்களும் கைதேர்ந்தவர்கள்தாம். அவர்கள் வேலையைச் சபோடெக் என்று சொல்லி விற்றால் யாருக்கும் வழக்கில்லை. நவஹோ டிசைனை அவர்களிடம் நெய்து வாங்கி, ஊர் பெயரைச் சொல்லாமல் விற்கும் இடைத்தரகர்களால்தான் தொல்லை.

அமெரிக்காவில் இதற்குச் சட்டம் உண்டு. 1990ஆம் ஆண்டின் இந்தியக் கலை, கைவினைச் சட்டப்படி, பழங்குடியினர் செய்யாத பொருளை அவர்கள் செய்ததாகச் சொல்லி விற்பது குற்றம். தனிநபர் முதல்முறை மாட்டினால் 2,50,000 டாலர் வரை அபராதமோ 5 ஆண்டு வரை சிறையோ இரண்டுமோ விழலாம். அதனால் கெட்டிக்கார வியாபாரி 'நவஹோ' என்று எழுத மாட்டார். 'நவஹோ ஸ்டைல்', 'சவுத்வெஸ்ட் டிசைன்' என்று எழுதுவார். ரசீதில் 'நவஹோ நெசவு, கையால் நெய்தது' என்று எழுதித் தரச் சொல்லுங்கள். பேனா தயங்கினால் நீங்களும் நகர்ந்துவிடலாம்.

2. ஓரத்தைத் தடவிப் பாருங்கள்

மிதிதறியில் பாவு, அதாவது நெடுக்கு நூல், பல கெஜம் நீளத்துக்கு ஓடும். நெய்து முடித்த பிறகு வேண்டிய இடத்தில் வெட்டி எடுப்பார்கள். வெட்டிய இடத்தில் பாவு நூல்களின் நுனி தொங்கும். அதை முடிந்துவிட்டால் குஞ்சம்.

நவஹோ தறியில் வெட்டும் வேலையே இல்லை. இரண்டு கழிகளுக்கு நடுவே ஒரே நூலை எட்டு வடிவத்தில் சுற்றிக்கொண்டே போவார்கள். முழுப் பாவும் அந்த ஒரு நூல்தான். பிறகு இரு முனைகளிலும், பாவு கழியைச் சுற்றித் திரும்பும் ஒவ்வொரு வளைவையும் தடித்த முறுக்கு நூலால் பின்னிக் கட்டுவார்கள். அந்தப் பின்னல்தான் பாவு நூல்களுக்கு இடைவெளி அளந்து கொடுப்பது. அதற்குப் பிறகே பாவை நிமிர்த்தித் தறிச்சட்டத்தில் ஏற்றுவார்கள். கம்பளத்தின் நீளமும் அகலமும் அன்றைக்கே முடிவாகிவிடும். பாதியில் மனம் மாறினால் ஓர் அங்குலம் கூட்டவும் முடியாது, குறைக்கவும் முடியாது.

நெசவாளர் தறிக்கு முன்னால் உட்கார்ந்து கீழிருந்து மேலாக நெய்கிறார். ஊடை எனப்படும் குறுக்கு நூலை நுழைத்து, மரச் சீப்பால் பாவு கண்ணுக்கே தெரியாத அளவுக்கு அடித்து இறக்குகிறார். மேலே போகப்போக இடம் குறுகும். கடைசி நாலு விரற்கடை இடம்தான் உயிரை எடுக்கும்: பாவைப் பிரிக்கும் பலகை நுழையாது, விரலும் நுழையாது. மெல்லிய குச்சி, பிறகு ஊசி, சிலரிடம் பழைய குடைக்கம்பி. அரிசோனாவின் கானாடோ ஊரில் ஒரு பாட்டி அந்தக் கட்டத்தில் இருந்தபோது பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். நான் நின்ற நேரத்தில் ஏறியது அரை விரற்கடை இருக்கும். "இங்கே வந்ததும் ஏன் ஆரம்பித்தோம் என்று தோன்றும். முடிந்ததும் அடுத்ததற்குப் பாவு சுற்றத் தோன்றும்" என்றார்.

இதை மனதில் வைத்துக்கொண்டு கம்பளத்தைக் கையில் எடுங்கள். மேல், கீழ் முனைகளில் கயிறு திரித்தாற்போல் ஒரு முறுக்கு ஓடவேண்டும். பெரும்பாலான நெசவுகளில் இரு பக்கவாட்டிலும் அதுபோல் முறுக்கு நூல் ஏறியிருக்கும். நான்கு மூலைகளிலும் அந்த நூல்களின் மிச்சம் சின்னக் குஞ்சலமாக நீட்டிக்கொண்டிருக்கும். அதை அழுக்கு என்று நினைத்து நறுக்கிவிடாதீர்கள், செய்தவர் உண்டு.

மிதிதறிப் போலியில் வெட்டிய பாவு நுனிகளை ஊசியால் உள்ளே செருகி மறைத்திருப்பார்கள். முனையிலிருந்து ஓரிரண்டு அங்குலத்துக்கு இரு விரலால் அழுத்தித் தேய்த்தால் அங்கே மட்டும் தடிப்பாக வரிவரியாக நெருடும். பக்கவாட்டு ஓரத்திலும் இரண்டு மூன்று பாவு நூல்களைச் சேர்த்துக் கட்டியிருப்பார்கள். அதுவும் விரலுக்குத் தெரியும். கண்ணை மூடிக்கொண்டு தடவினால் இன்னும் நன்றாகத் தெரியும் என்பது என் அனுபவம். கடையில் பார்க்கிறவர்கள் என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளட்டும்.

விதிவிலக்கும் உண்டு. காலப் த்ரோ எனப்படும் சிறு விரிப்புகள் அசல் நவஹோவே. பருத்திப் பாவில் நெய்து ஒரு முனையில் குஞ்சம் விட்டிருப்பார்கள். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் வந்த, ஜெர்மன்டவுன் என்ற ஆலை நூலில் நெய்த நெசவுகள் சிலவற்றில் அழகுக்காகப் பின்னால் குஞ்சம் சேர்த்திருப்பார்கள். ஆகவே குஞ்சம் கண்டவுடன் தூக்கிப் போட வேண்டாம், பாவு எப்படி முடிகிறது என்று பாருங்கள்.

அடுத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். ஒரே நிறப் பரப்பில் சாய்வாக, மெல்லிய கீறல்போல் கோடுகள் தெரிகின்றனவா? அகலமான தறியில் நெசவாளர் ஒரு பகுதியைக் கொஞ்ச உயரம் நெய்துவிட்டு, நகர்ந்து உட்கார்ந்து பக்கத்துப் பகுதியைத் தொடர்வார். இரண்டும் சேரும் இடம் சாய்கோடாக விழும். வியாபாரிகள் இதற்குச் 'சோம்பல் கோடு' என்று பெயர் வைத்துவிட்டார்கள். அந்த வேலையை ஒருமுறை பார்த்தால் அந்தப் பெயர் வாயில் வராது. இது இருந்தால் நல்ல அறிகுறி. இல்லாததால் மட்டும் போலி ஆகிவிடாது.

எல்லாக் கடையிலும் சொல்லும் இன்னொன்று 'ஆவிக்கோடு'. உள்ளிருக்கும் நிறத்திலிருந்து ஒற்றை இழை கரையைக் கடந்து வெளி ஓரம்வரை போகும். நெசவாளியின் எண்ணம் அந்தக் கம்பளத்துக்குள் அடைபட்டுவிடாமல் வெளியேற வழி. டினே மொழியில் அதற்குப் பெயரும் உண்டு, நம்பிக்கையும் உண்மை. ஆனால் அந்தக் கோடு போடாமலே நெய்பவர் பலர். போலி செய்கிறவருக்கு அந்த ஓர் இழையைப் போட எவ்வளவு நேரமாகும்? இதை மட்டும் நம்பிப் பணம் கொடுக்காதீர்கள்.

3. நூலைப் பார்த்து காலத்தைக் கணியுங்கள்

டினே மரபில் நெசவைக் கற்றுக்கொடுத்தவள் சிலந்திப் பெண். தறியின் குறுக்குக் கழிகள் வானமும் பூமியும், பாவுக் குச்சிகள் சூரியக் கதிர்கள், மரச் சீப்பு வெண்சங்கு என்று கதை போகும். கேன்யன் டி ஷே பள்ளத்தாக்கின் நடுவே சுமார் 230 மீட்டர் உயரத்துக்கு ஒற்றையாக நிற்கும் சிலந்திப் பாறைதான் அவள் வீடு. வரலாற்றாசிரியர்கள் சொல்வது பக்கத்து ஊர்க்காரர்களான பியூப்ளோ மக்களை. அங்கே நெய்தவர்கள் ஆண்கள். 1680இல் பியூப்ளோ மக்கள் ஸ்பானியரை எதிர்த்து எழுந்தார்கள்; 1692இல் ஸ்பானியர் திரும்பி வந்ததும் பலர் தப்பி நவஹோக்களிடம் அடைக்கலம் புகுந்தார்கள். நெசவு கைமாறியதில் இந்த உறவுக்குப் பெரிய பங்கு. 1598 முதல் ஸ்பானியக் குடியேறிகள் ஓட்டிவந்த சுரோ ஆடு நூலைக் கொடுத்தது: நீண்ட இழை, எண்ணெய்ப் பசை குறைவு, தண்ணீர் அரிதான நாட்டில் கழுவாமலே நூற்கலாம்.

பழைய நெசவுகளுக்குக் காலம் குறிக்க உதவும் ஆண்டு கொடுமையானது. 1805இல் ஸ்பானியப் படை கேன்யன் டி ஷேயின் குகை ஒன்றில் ஒளிந்திருந்தவர்களைச் சுட்டுக் கொன்றது. அந்தக் குகையில் கிடைத்த துணித் துண்டுகள்தாம் தேதி உறுதியாகத் தெரிந்த மிகப் பழைய நவஹோ நெசவுகளில் அடங்கும்.

19ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் இவர்கள் நெய்தவை உடுத்தும் போர்வைகள். தரைவிரிப்பு பிறகு வந்தது. புகழ்பெற்றது 'தலைவர் போர்வை'. நவஹோக்களுக்கு அப்படித் தலைவர்கள் கிடையாது. யூட், ஷயன் போன்ற மற்றப் பழங்குடிகளின் வசதியானவர்கள் வாங்கிப் போர்த்தியதால் வந்த பெயர். மூன்று கட்டமாகப் பிரிப்பார்கள். முதற்கட்டத்தில் வெள்ளை, பழுப்பு, அவுரி நீலப் பட்டைகள் மட்டும். இரண்டாவதில் பட்டைகளுக்குள் சிவப்புச் செவ்வகங்கள் நுழையும். 1860களை ஒட்டி வரும் மூன்றாவதில் சாய்சதுரங்கள்: நடுவில் ஒரு முழுச் சதுரம், ஓரங்களில் அரை, மூலைகளில் கால். ஏன் அரையும் காலும் என்று முதலில் எனக்குப் புரியவில்லை. அருங்காட்சியகத்தில் ஒரு பொம்மைக்குப் போர்த்தியிருந்ததைப் பார்த்ததும் விளங்கியது. தோளில் சுற்றி முன்னால் இழுத்துப் பிடித்தால் இரண்டு பக்கத்து அரைகளும் மார்பில் சேர்ந்து முழுச் சதுரமாகும். சுவரில் தட்டையாக மாட்டியிருப்பதைப் பார்த்து இதைக் கண்டுபிடிக்கவே முடியாது.

அந்தச் சிவப்பு எங்கிருந்து வந்தது? அவர்களிடம் நல்ல சிவப்புச் சாயம் இல்லை. பயேட்டா எனப்படும் ஐரோப்பியக் கம்பளித் துணியை வாங்கி, இழை இழையாகப் பிரித்து, அந்த நூலில் நெய்தார்கள். பழைய பயேட்டாவுக்கு நிறம் கொடுத்தது அரக்கு. ஆமாம், நம்மூர் அரக்கேதான். இந்தியாவிலும் தென்கிழக்கு ஆசியாவிலும் மரத்தில் கிடைத்து, கப்பலேறி ஐரோப்பா போய், துணியாகி, நியூ மெக்சிகோ வந்து, பிரிந்து மறுபடி துணியானது. பிறகு கோச்சினீல் பூச்சிச் சாயம் அந்த இடத்தைப் பிடித்தது. இழையில் இருப்பது அரக்கா கோச்சினீலா என்று ஆய்வகத்தில் சோதித்துக் காலம் சொல்கிறார்கள். முதற்கட்டப் போர்வை ஒன்று 2012இல் கலிபோர்னிய ஏலத்தில் 18 லட்சம் டாலருக்குப் போனது. நாம் அந்தப் பக்கம் போகப்போவதில்லை.

1863-64இல் கிட் கார்சன் தலைமையிலான அமெரிக்கப் படை நவஹோக்களின் ஆடுகளைக் கொன்று, வயல்களையும் பீச் மரங்களையும் அழித்தது. எட்டாயிரத்துக்கும் மேற்பட்டோரை நூற்றுக்கணக்கான மைல் நடத்தியே போஸ்கே ரெடோண்டோ முகாமுக்குக் கொண்டுபோனார்கள். அந்த நடை 'லாங் வாக்' என்றே நினைவில் நிற்கிறது. 1868 ஜூன் 1 ஒப்பந்தத்துக்குப் பிறகே ஊர் திரும்பினார்கள். அதில் 15,000 ஆடுகள் தருவதாக ஒரு ஷரத்து உண்டு. பட்டி காலியானபோது நெசவு நிற்கவில்லை, நூல் மாறியது. பென்சில்வேனியாவிலிருந்து வந்த ஜெர்மன்டவுன் ஆலை நூல், செயற்கைச் சாயமேறிய நாற்புரி நூல், கையில் கிடைத்ததும் நெசவாளர்கள் நிறத்தில் புகுந்து விளையாடினார்கள். சிவப்புமேல் பச்சை, மஞ்சள்மேல் ஊதா, எல்லாம் பல்பல்லாக, கண் கூசக்கூச. 'ஐடாஸ்லர்' என்றே பெயர். நுட்பமறிந்தவர்கள் முதற்கட்டப் போர்வையின் அடக்கத்தைப் புகழ்வார்கள். எனக்கு இந்த ஆர்ப்பாட்டம்தான் பிடிக்கும்.

1880களின் தொடக்கத்தில் ரயில் வந்தது. ஆலைப் போர்வை மலிவாகக் கிடைத்ததும் சொந்த உபயோகத்துக்கு நெய்வது குறைந்தது. கிழக்கே நகரத்து வீடுகளுக்குத் தரைவிரிப்பு வேண்டியிருந்தது. போர்வை தடித்து, சுற்றிலும் கரை ஏறி, ரக் ஆனது. வணிகர்கள் பலர் அதை எடைபோட்டு வாங்கினார்கள். எடைக்கு வாங்கினால் என்ன நடக்கும்? ரோமத்தில் மண்ணும் பிசுக்கும் அப்படியே நின்றன, நெசவு தளர்ந்தது. அந்தக் காலத்துக் கம்பளம் 'பழசு' என்பதற்காக மட்டும் விலை சொன்னால் வாங்காதீர்கள்.

4. ஊர்ப் பெயர்களைப் பழகுங்கள், ஆனால் கட்டுப்படாதீர்கள்

இன்று பாணிகளுக்குப் பெரும்பாலும் வணிக நிலையங்கள் இருந்த ஊர்களின் பெயர். வணிகர் எது விற்கும் என்று சொன்னார், நெசவாளர் அதைத் தம் கையால் வேறொன்றாக்கினார். இப்போது எந்த ஊரில் இருப்பவரும் எந்தப் பாணியையும் நெய்கிறார். 'கானாடோ' என்றால் அது கானாடோவில் நெய்தது என்று பொருளில்லை.

கானாடோ ரெட்: அடர்ந்த சிவப்பு, கறுப்பு, வெள்ளை, சாம்பல், நடுவில் பெரிய சாய்சதுரம். லொரென்சோ ஹபெல் என்ற வணிகர் 1878இல் அங்கே கடை வாங்கினார். பிடித்த டிசைன்களை ஓவியம் தீட்டிச் சுவரில் மாட்டி வைத்து, அதைப் பார்த்து நெய்யச் சொன்னார். நவஹோ கம்பளம் என்றதும் நினைவுக்கு வரும் தோற்றம் இதுதான்; என் வாசல் மிதியடி நகலெடுத்திருப்பதும் இதைத்தான்.

டூ கிரே ஹில்ஸ் என் மனதுக்கு நெருக்கம். நியூ மெக்சிகோவில் சுஸ்கா மலையின் கிழக்குச் சரிவு. இங்கே நிறம் ஆட்டிலிருந்து வருகிறது: வெள்ளை ஆடு, பழுப்பு ஆடு, கறுப்பு ஆடு. இரு நிற ரோமத்தைச் சேர்த்துச் சீவினால் நடுவில் பத்துவகைப் பழுப்பும் சாம்பலும் கிடைக்கும். கறுப்பை மட்டும் சிலர் சாயத்தால் ஆழமாக்குவார்கள். சாயமில்லாததால் அழகு முழுதும் நூற்பிலும் நெருக்கத்திலும் நிற்கவேண்டும். அளந்து பார்க்க ஓர் அங்குல ஸ்கேலும் பூதக்கண்ணாடியும் எடுத்துப் போங்கள். ஓர் அங்குலத்தில் எத்தனை ஊடை என்று எண்ணுங்கள். சாதாரணத் தரைவிரிப்பில் முப்பதை ஒட்டி வரும். எண்பதைத் தாண்டினால் 'டேபஸ்ட்ரி' என்று தனி வகுப்பு. டெய்சி டாகல்சீ என்ற நெசவாளர் நூறையும் தாண்டினார். நல்ல லினன் துணியைத் தொடுவதுபோல் இருக்கும் என்கிறார்கள். கண்ணாடிக்குள் இருந்ததால் எனக்குத் தொட வாய்க்கவில்லை.

டீஸ் நாஸ் பாஸ் நெருக்கமான வேலைப்பாடும் அகலக் கரையுமாகப் பாரசீகக் கம்பளத்தின் சாயலில் இருக்கும். கிரிஸ்டல் ஊரில் ஜே. பி. மூர் என்ற வணிகர் 1911இல் வண்ணப் படங்களோடு அஞ்சல்வழி விற்பனைப் பட்டியல் அச்சிட்டார். இன்றைய கிரிஸ்டல் அதிலிருந்து மாறி, கரையில்லாமல், அலையலையான பட்டைகளாக வருகிறது. சின்லி, வைட் ரூயின்ஸ் இரண்டும் செடிச்சாயத்தின் மென்மையான மஞ்சள், இளஞ்சிவப்பு, பழுப்புப் பட்டைகள். காட்டு வால்நட் மேலோடு, ராபிட்பிரஷ் பூ என்று சாயமே ஒரு தனிப் படிப்பு. பர்ன்ட்வாட்டர் அதே நிறங்களில் கானாடோ போன்ற வடிவங்கள். ஸ்டார்ம் பேட்டர்னில் நடுக்கட்டத்திலிருந்து நான்கு மூலைக்கும் மின்னல் கோடு ஓடும். நான்கு புனித மலைகள், உலகின் மையம் என்று கடையில் விளக்கம் வரும். அந்த விளக்கம் வணிகர் வாய்வழி நிறையவே வளர்ந்தது. நெய்தவரைக் கேளுங்கள். "நன்றாக இருந்தது, போட்டேன்" என்ற பதிலும் வரும்.

கொஞ்சம் நிதானிக்க வேண்டிய வகை ஒன்று: மணல் ஓவிய நெசவு. நோய் நீக்கும் சடங்கில் மணலால் வரையும் ஓவியத்தைச் சடங்கு முடிந்ததும் அழித்துவிடுவது முறை. அதை அழியாத கம்பளத்தில் நெய்வது ஆபத்தானது என்பது பலர் நம்பிக்கை. சடங்குப் பாடகரும் நெசவாளருமான ஹோஸ்டீன் கிளா (1867-1937) துணிந்து நெய்தார். அறிவு அழிந்துபோகக் கூடாது என்ற கவலை அவருக்கு. அந்தத் தயக்கம் இன்னும் இருக்கிறது. ஆரம்பக்காரர் இதைத் தவிர்ப்பதே நல்லது என்பேன்.

பழைய நெசவுகளில் ஸ்வஸ்திகம் கண்டால் திகைக்காதீர்கள். அது 'சுழலும் கட்டைகள்', அவர்கள் கதையில் வருவது, நாஜிகளுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. 1940இல் நவஹோ உள்பட அரிசோனாவின் சில பழங்குடிகள் இனி அதைப் போடுவதில்லை என்று கையெழுத்திட்டே அறிவித்தார்கள். ஆகவே அந்தச் சின்னம் இருந்தால் பெரும்பாலும் அதற்கு முந்தையது.

5. மூன்று மாதம் வாங்காமல் பாருங்கள்

கானாடோவில் ஹபெல் கடை இன்னும் கடையாகவே நடக்கிறது. தேசியப் பூங்காத் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. கம்பள அறையில் அடுக்கி வைத்திருப்பதை விரித்துக் காட்டுவார்கள், தடவிப் பார்க்கலாம். ஒரு எச்சரிக்கை: அரிசோனா கோடையில் கடிகாரத்தை மாற்றுவதில்லை, அதற்குள்ளேயே இருக்கும் நவஹோ நாட்டுப் பகுதி மாற்றுகிறது. நாலரைக்குப் போய்விட்டோம் என்று நிம்மதியாக இறங்கினால் அங்கே மணி ஐந்தரை, பூட்டு தொங்கியது. போக நாலு மணி நேரம், வர நாலு மணி நேரம், வீட்டில் வாங்கிக் கட்டிக்கொண்டது தனி.

பீனிக்ஸில் ஹெர்ட் அருங்காட்சியகம், ஃபிளாக்ஸ்டாஃபில் வட அரிசோனா அருங்காட்சியகம், சாண்டா ஃபேயில் கிளாவின் பங்கோடு 1937இல் தொடங்கிய வீல்ரைட் அருங்காட்சியகம். டோட்லீனா வணிக நிலையம் டூ கிரே ஹில்ஸுக்கென்றே போகத்தக்கது. நெசவு பழங்காலத்தோடு நின்றுவிட்டது என்ற எண்ணம் இருந்தால் நெசவாளர் மரிலூ ஷுல்ட்ஸ் 1994இல் நெய்ததைத் தேடிப் பாருங்கள்: இன்டெல் நிறுவனம் கேட்டு, பென்டியம் சிப்பின் உள்ளமைப்பை அப்படியே ஆட்டு ரோமத்தில் நெய்தார். மெலிசா கோடி, டி. ஒய். பெகே போன்ற நெசவாளர்களின் தனிக்கண்காட்சிகள் 2024இல் பெரிய அருங்காட்சியகங்களில் நடந்தன.

6. வாங்கும் நாள்

என் சிபாரிசு நியூ மெக்சிகோவின் கிரவுன்பாயிண்ட் ஏலம். 1968 முதல் நடப்பது. மாதத்துக்கு ஒருமுறை, வெள்ளிக்கிழமை மாலை. தேதியும் இடமும் மாறக்கூடும், கிளம்புமுன் கேட்டுக்கொள்ளுங்கள். நான் போனபோது நீள மேசைகளில் நூற்றுக்கணக்கான கம்பளங்கள் குவிந்து கிடந்தன. புரட்டலாம், மடிக்கலாம், முகரலாம். ஒவ்வொன்றிலும் நெய்தவர் பெயர் எழுதிய சீட்டு. நெய்தவர்களும் பின்வரிசையில் உட்கார்ந்து தங்கள் வேலை எவ்வளவுக்குப் போகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். பணம் அவர்கள் கைக்கே போகும் என்பதால்தான் இந்த ஏலத்தைச் சொல்கிறேன். ஆகஸ்டில் சாண்டா ஃபே இந்தியன் மார்க்கெட், மார்ச்சில் ஹெர்ட் சந்தை இரண்டிலும் நெய்தவரிடமே நேராக வாங்கலாம், விலை கூடுதல்.

மேசையில் செய்யவேண்டியவை: பாதியாக மடித்து ஓரங்கள் பொருந்துகின்றனவா என்று பாருங்கள். கைவேலையில் அரை அங்குலம் முன்பின் இருக்கும், இரண்டு அங்குலம் கூடாது. தரையில் விரித்தால் மூலைகள் சுருண்டு எழக்கூடாது. விற்பவரிடம் கேட்டுவிட்டு, ஈர வெள்ளைத் துணியைப் பின்பக்கச் சிவப்பில் ஒற்றுங்கள்; துணி சிவந்தால் அந்தச் சாயம் ஒருநாள் வெள்ளைக்குள் இறங்கும். பழையதென்றால் பூச்சி அரித்த இடம், ஒட்டுப்போட்ட இடம், மார்க்கரால் நிறம் தீட்டிய இடம் மூன்றையும் தேடுங்கள். மூன்றாவது நீங்கள் நினைப்பதைவிட அதிகம்.

கேட்க வேண்டியவை: நெய்தவர் பெயர், ஊர், எந்த ஆண்டு, நூல் கையால் நூற்றதா ஆலை நூலா, சாயம் எது. ஆலை நூல் மட்டம் என்று நினைக்காதீர்கள். இன்றைய நல்ல நெசவுகளில் பல அதில்தான். ஆனால் தக்ளியில் நூற்ற நூலுக்கு விலை வேறு, அந்த விலையைச் சொன்னால் நூலையும் காட்டச் சொல்லலாம்.

சின்னத் துண்டுகள் நூறு, இருநூறு டாலரில் தொடங்கும். படுக்கையறை அளவு நல்ல வேலை ஆயிரங்களில். டேபஸ்ட்ரி பத்தாயிரங்களைத் தொடும். நெய்தவரிடம் பேரம் பேசலாமா? கடையில் பேசுங்கள், தப்பில்லை. நெய்தவர் எதிரே உட்கார்ந்திருக்கும்போது என்னால் முடிவதில்லை. ஆடு வளர்த்து, ரோமம் கத்தரித்து, கழுவி, சீவி, நூற்று, சாயமேற்றி, பிறகுதான் தறி. மாதக்கணக்கான வேலை. கட்டுப்படியாகாவிட்டால் "ரொம்ப அழகாக இருக்கிறது" என்று சொல்லிவிட்டுச் சின்னதாக ஒன்று வாங்குவேன். படம் எடுக்குமுன் அனுமதி கேளுங்கள்; டிசைனைப் படமெடுத்துப் போய் வேறெங்கோ நெய்ய வைக்கும் ஆட்களை அவர்கள் பார்த்திருக்கிறார்கள்.

7. வீட்டுக்கு வந்த பிறகு

முதல் எதிரி கம்பளி அரிக்கும் அந்துப்பூச்சி. அதற்கு இருட்டும் அசைவின்மையும் பிடிக்கும். அதனால் பெட்டியில் வைத்து மறந்துவிடாதீர்கள். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை எடுத்து இருபக்கமும் பாருங்கள். சந்தேகம் வந்தால் பிளாஸ்டிக் பையில் காற்றை அழுத்தி வெளியேற்றிக் கட்டி, டீப் ஃப்ரீசரில் ஒரு வாரம் வைக்கலாம். வாக்குவம் போடும்போது சுழலும் பிரஷை அணைத்துவிடுங்கள். துணியை உதறுவதுபோல் முனையைப் பிடித்து உதறினால் ஓர முறுக்கு அறும். அவ்வளவு சொன்ன ஓரம்! வீட்டில் தண்ணீர் காட்டவே கூடாது. டிரை கிளீனிங்கும் வேண்டாம். நவஹோ நெசவு தெரிந்த துப்புரவாளர்கள் இருக்கிறார்கள், தபாலில்கூட அனுப்பலாம்.

மடித்தால் தடம் விழும், சுருட்டுங்கள். சுவரில் மாட்ட ஆணி வேண்டாம். வெல்க்ரோவின் மென்பக்கத்தை மேல் ஓரத்தை ஒட்டிப் பின்பக்கம் கையால் தைத்து, மறுபக்கத்தைச் சுவர்ச்சட்டத்தில் ஒட்டினால் எடை பரவலாக இறங்கும். நேர்வெயில் படும் சுவர் ஆகாது. சென்னைக்கோ கொழும்புக்கோ கொண்டுபோகிறவர்கள் ஈரத்தை நினைவில் வையுங்கள். இது வறண்ட நாட்டுப் பிள்ளை. வெளிச்சுவரில் மாட்டாமல் உள்சுவரில், பின்னால் விரல் நுழையும் இடைவெளி விட்டு மாட்டுங்கள்.

கடைசி வேலை, பலர் செய்யாமல் விடுவது. ஏலச் சீட்டு ஆறு மாதத்தில் காணாமல் போகும். பழைய நவஹோ கம்பளங்களில் பெரும்பாலானவற்றுக்கு நெய்தவர் பெயரே தெரியாது. வெள்ளைப் பருத்தி நாடாவில் நெய்தவர் பெயர், ஊர், வாங்கிய தேதி மூன்றையும் அழியாத மையில் எழுதி, நூலைக் குத்தாமல் ஊடைகளுக்கு இடையே ஊசியை விட்டு, தளர்வாக நாலு தையல் போட்டுவிடுங்கள். எங்கள் வீட்டில் அதை மனைவிதான் தைப்பாள். பின்பக்க மூலையில், எந்த இடத்தில் 'மேட் இன் இந்தியா' இருந்ததோ அதே இடத்தில்.